எண்ணூற்றுப் பதினோராவது வரி

ஏகாம்பரத்துக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மற்றபடி நல்ல மனிதர், உழைப்பாளி, யார் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். ஆனால் எதையும் கடைசி வரைக்கும் படிக்க மாட்டார்.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்று உண்டு. அதில்தான் இசக்கி டீச்சர் பதினொரு பேரை வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு, எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று சொல்கிற புரோகிராம். யார் எந்த வரியை எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்ற விவரம் இணையத்தில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. ஏகாம்பரத்துக்கு ஐம்பத்திரண்டு. கோவில்பட்டியில் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்தவர். மில்லை மூடியதும், மனைவி ராஜக்கனியிடம் ஒரு வருஷம் தவணை கேட்டுவிட்டு, அங்கேயே தங்கிப் படிக்க வந்திருந்தார். அவர் டீச்சரை டீச்சர் என்றார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றார்.

வந்த அன்று டீச்சர் அவர் முன்னால் ஒரு மெஷினை வைத்தார். புரோகிராம் எழுதுகிற எடிட்டர் திறந்திருந்தது. கறுப்புத் திரை, ஓரத்தில் மினுக்மினுக்கென்று ஒரு கோடு. அவ்வளவுதான்.

“இதுல ஒண்ணுமே இல்லையே டீச்சர். எழுத்தப் பெருசு பண்ண, கலர் மாத்த எல்லாம் எங்க இருக்கு?”

“கையால மாத்துறது இங்க கெடையாது. ஒரு ஃபைல் தருவேன். உங்க எடிட்டர்ல என்னென்ன இருக்கணுமோ அதுல எழுதுங்க. எப்படிச் செய்யணும்னு எழுத வேண்டாம். என்ன இருக்கணும்னு மட்டும் எழுதினாப் போதும். தெனமும் காலையில ஆறு மணிக்கு மெஷின் எல்லாத்தையும் தொடச்சுப் போட்டுட்டு, அந்த ஃபைலப் படிச்சு மொதல்லேருந்து கட்டும்.”

“எழுதாதது?”

“இருக்காது.”

“பகல்ல நானே ஏதாவது மாத்தி வச்சிருந்தா?”

“மறுநா காலையில இருக்காது.”

“ஒரு ஃபைல் எழுதி முடிக்க எத்தன நாளாகும்?”

“எனக்கு ஒரு வருஷமாச்சு. பைய எழுதுங்க அண்ணாச்சி.”

அவர் மூன்று நாளில் ஒன்பது வரி எழுதினார். அதில் ஐந்து தப்பு. நாலாம் நாள், எல்லோரும் பழைய சரக்கைப் போட்டு வைக்கும் பொது இடத்தில் துழாவியபோது ஒரு ஃபைல் அகப்பட்டது. எண்ணூற்று நாற்பது வரி. தலைப்பில் பூவண்ணன் என்று ஒரு பெயர். ஏகாம்பரம் முதல் அறுபது வரியைப் படித்தார். எழுதினவன் மகா கெட்டிக்காரன் என்று தெரிந்தது. மீதியைப் படிக்கவில்லை. அப்படியே எடுத்துத் தன் ஃபைலுக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் எடிட்டர் வேறு எடிட்டராக இருந்தது. பாசி நிறத் திரை, கண்ணை உறுத்தாத எழுத்து. ஒரு சொல்லைத் தொடங்கினால் அது முடித்துக் கொடுத்தது. தப்பு விட்டால் அந்த வரியைச் சிவப்பாக்கிக் காட்டியது. ஏகாம்பரம் அன்று ஒரே நாளில் மூன்று நாள் வேலையை முடித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் போனது. சில விஷயங்கள் இடித்தன.

தினமும் முற்பகல் பதினொன்று பத்துக்குத் திரை இருண்டுவிடும். சரியாக ஏழு நிமிஷம். பிறகு தானே வெளிச்சம் வரும். இன்னொன்று, ‘செ’ என்று ஆரம்பித்தால் போதும், எடிட்டர் தானாகவே ‘செம்பா, சாப்பிட்டியா’ என்று எழுதிவிடும். செயல், செலவு, செய்தி என்று எதை எழுதப் போனாலும் முதலில் இந்தச் செம்பா வந்து நிற்பாள். அழித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

“சவம்,” என்று ஏகாம்பரம் அதை அணைத்து வைத்தார். மறுநாள் காலையில் அது மறுபடியும் சாப்பிட்டியா என்று கேட்டது. இரண்டு முறை அணைத்தார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

அவர் இரண்டு விரலால் தட்டுகிறவர். அந்த ஃபைலில் இருந்த குறுக்கு வழிகளுக்கோ இடது கைச் சுண்டுவிரலை எட்டிப் போட வேண்டும், அதற்கு உடம்பைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். சாய்த்தார். மாசி முடிவதற்குள் விரல் தானாக எட்டியது. பங்குனியில் ஊருக்குப் போனபோது ராஜக்கனி வாசலிலேயே கேட்டாள்.

“ஏன் ஒரு தோளச் சாய்ச்சுக்கிட்டு நடக்கீய? நோவுதா?”

“இல்லையே. நேராத்தான் நடக்கேன்.”

அந்த இரண்டு நாளும் அவள் அவரைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரை இருளும் ஏழு நிமிஷத்தில் என்ன செய்வது? எழுந்து பின்பக்க ஜன்னலில் போய் நிற்பார். அங்கிருந்து தேக்கு மரங்களும் ஓடைக்கு இறங்கும் வழியும் தெரியும். சித்திரையில் ஒரு நாள் அப்படி நிற்கும்போது பின்னால் சட்டி விழுந்து உடைந்தது. சமையல் பார்க்கும் லூர்தம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. பூவண்ணன் தம்பி இந்த நேரத்துக்கு இங்கனதான் நிக்கும். இதே மாதிரி, ஒரு தோளச் சாய்ச்சுக்கிட்டு.”

“அவரு இப்ப எங்க இருக்காரு?”

“உங்களுக்குத் தெரியாதா? நாலு வருஷத்துக்கு முந்தி ஆனி மாசம் மலையில வெள்ளம் வந்துச்சு. ஓடைக்குக் குளிக்கப் போன தம்பி. கரையில செருப்பு இருந்துச்சு, ஆளு கெடைக்கல. இன்னைய வரைக்கும் கெடைக்கல.”

அன்று ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதாவது அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. விரல் அதற்குப் பழகிவிட்டது. மறுபடியும் ஒன்பது வரியிலிருந்து ஆரம்பிக்க யாருக்கு மனசு வரும்?

ஆடியில் அவருக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் படுத்துவிட்டார். நாலாம் நாள் காலை எழுந்து வந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, எல்லாரோட வேலையையும் எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க வந்து ஏழு மாசமாச்சு. உங்க பேர்ல ஒரு வரி கூட இல்ல.”

“என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதீய? தெனமும் எழுதுதேன். இந்த மூணு நாளத்தான் விட்டுருக்கேன்.”

“வந்து பாருங்க.”

திரையில் ஏழு மாத வேலையும் வரிசையாக இருந்தது. அவர் எழுதியது அத்தனையும் இருந்தது. தை பதினெட்டு, காலை பத்து நாற்பத்திரண்டு, பூவண்ணன். தை பதினெட்டு, காலை பதினொன்று ஐந்து, பூவண்ணன். மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் பூவண்ணன். ஏகாம்பரம் என்ற பெயரைத் தேடச் சொன்னால் மெஷின் ஒன்றுமில்லை என்றது.

“இது நான் எழுதுனது.”

“ஆமா.”

“அப்புறம் எப்படி?”

“உங்க ஃபைல்ல எண்ணூத்திப் பதினோராவது வரியப் பாருங்க.”

பார்த்தார். எழுதுபவர் பெயர் என்று போட்டு, நேராகப் பூவண்ணன் என்று இருந்தது. மெஷின் ஒவ்வொரு காலையும் அதைப் படித்துப் படித்து, அவர் கையால் எழுதியதை எல்லாம் அந்தப் பெயரில் பதிந்திருக்கிறது.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா டீச்சர்?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“கடைசி வரைக்கும் படிச்சிருவீயன்னு நெனச்சேன்.”

ஏகாம்பரத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இந்த அசட்டுத்தனம். உடனே உட்கார்ந்து வரியைத் திருத்தப் போனார். அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம், தோளில் ஒரு துணிப்பை.

“டீச்சர், என்னைத் தெரியுதா? செண்பகம். பூவண்ணன் தங்கச்சி.”

“தெரியுது. உள்ள வாம்மா.”

அவள் உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“மூணு நாளா அவன் ஒண்ணும் எழுதலையே. மேலுக்கு முடியலையா?”

கூடத்தில் பதினொரு பேரும் தட்டுவதை நிறுத்தினார்கள். காய்ச்சல் விட்ட உடம்பு ஏகாம்பரத்துக்கு மறுபடியும் குளிர்ந்தது.

டீச்சர் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை, பேசினாள். சங்கரன்கோவிலில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. தை மாதம் ஒரு நாள் அண்ணன் எழுதிய பழைய வரிகளைப் பார்க்கலாம் என்று இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். மேலே அவன் பெயர் இருந்தது. அன்றைய தேதி, அரை மணி நேரத்துக்கு முந்தின நேரம்.

“ஏன்மா எங்ககிட்ட கேக்கல?” என்றார் டீச்சர்.

“பயமா இருந்துச்சு. கேட்டா நின்னு போயிருமோன்னு. எங்கயோ இருக்கான், எதுக்கோ ஒளிஞ்சிருக்கான், தெனமும் வேல பாக்கான், அது போதும்னு இருந்தேன். ஏழு மாசமா காலையில எந்திரிச்சதும் அதத்தான் பாப்பேன். போன ஞாயித்துக்கெழமையோட நின்னு போச்சு. மூணு நாளு பாத்தேன். அதுக்கு மேல முடியல.”

டீச்சர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து நின்று, தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஃபைலை எடுத்தது, படிக்காதது, எண்ணூற்றுப் பதினோராவது வரி, காய்ச்சல்.

செண்பகம் அழவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “பதினொன்னு பத்துக்கு என்ன பண்ணுவீய?” என்று கேட்டாள்.

“திரை இருட்டாப் போயிரும். எந்திரிச்சு அந்த ஜன்னல்ல நிப்பேன்.”

“எனக்கு டீ குடிக்க விடுறது அந்த நேரந்தான். அவனுக்கு ஃபோன் பண்ணுவேன். அந்த ஜன்னல்லதான் டவர் கெடைக்கும். வேலையில மூழ்கிட்டா மறந்துருவான். நான் ஏசினேன். அதுக்குத்தான் அப்படி எழுதி வச்சான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இப்பவும் பதினொன்னு பத்துக்கு அவன் நம்பருக்கு அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஏழு மாதமாக, அவள் அங்கே ஃபோனைக் காதில் வைத்த நேரத்தில் எல்லாம் ஏகாம்பரம் இங்கே ஜன்னலில் நின்றிருக்கிறார்.

“தாயி, என்னை மன்னிச்சிரு. இப்பவே மாத்திருதேன்.”

“மாத்தாதீய,” என்றாள். கை கூப்பினாள். “உங்க கால்ல விழுதேன். அந்த ஒரு வரிய மட்டும் விட்டுருங்க. எழுதுறது நீங்கதான்னு தெரிஞ்சு போச்சு, சரி. ஆனா காலையில எந்திரிச்சா அந்தப் பேரு இருக்கணும். நீங்க வேற பேரப் போட்டுட்டா, எனக்கு அவன் மறுபடியும் போன மாதிரி ஆயிரும்.”

முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். அவர் டீச்சரிடம் வந்தார்.

“டீச்சர், அந்த வரி இருந்துட்டுப் போகட்டுமே. பேருதானே. எனக்கு இந்த வயசுல பேரு வந்து என்ன ஆகப் போகுது?”

“நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்லுதீயளா?”

“யோசிச்சுட்டேன்.”

“அந்தப் பொண்ணு அதப் பாத்துக்கிட்டு இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அது என் தப்பு,” என்றார் டீச்சர். பிறகு, “சரி. இந்த வீட்டுல எழுதி வச்சதுதான் இருக்கும். அப்படியே செஞ்சிருவோம்,” என்றார்.

அன்று மாலையே டீச்சர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை. செண்பகத்தை இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் கூடத்துக்கு வந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“வா பூவண்ணா. தூங்கினியா?”

விளையாடுகிறார் என்று நினைத்து ஏகாம்பரம் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. ஏகாம்பரம் சாப்பாட்டுக்குப் போனார். சுவரில் யார் யாருக்குச் சாப்பாடு என்று எழுதுகிற பலகையில் பதினொரு பெயர் இருந்தது. மற்ற பத்துப் பேர், அப்புறம் பூவண்ணன். லூர்தம்மாள் அவர் தட்டில் மோர்ச்சோறும் சுட்ட வத்தலும் வைத்தார்.

“எனக்குக் கொழம்பு ஊத்தலையா?”

“உனக்குக் காலையில கொழம்பு ஆகாதே தம்பி.”

அவர் முகத்தில் கேலி ஏதும் இல்லை. ஏகாம்பரம் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் அவர் பெட்டியும் பாயும் மேற்கு அறைக்குப் போயிருந்தன. நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறை. கூட்டித் துடைத்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. அவருடைய பழைய இடத்தில் ஒரு மேஜையைப் போட்டு அதன் மேல் காகிதக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அங்கே ஒருவர் ஏழு மாதம் படுத்து எழுந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

டீச்சரைத் தேடிப் போனார்.

“டீச்சர், இதெல்லாம் எதுக்கு? ஒரு வரிதானே விட்டுருக்கேன்.”

“என்ன பூவண்ணா, எந்த வரி?” என்றார் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செண்பகம் அன்று முற்பகல் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று பத்துக்குத் திரை இருண்டது. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். பின்னால் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

இரண்டாம் நாள் அதே ஜன்னலில் நிற்கும்போது, மெல்ல, யாருக்கும் கேட்காத குரலில், “அண்ணே,” என்றாள்.

அவர் திரும்பினார். திரும்பியிருக்கக் கூடாது என்று திரும்பிய பிறகுதான் தோன்றியது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்ன சொல்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தார். வாய் தானாகச் சொன்னது.

“செம்பா, சாப்பிட்டியா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் எல்லோருக்கும் அவள் செண்பகம். செம்பா என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஓர் ஆள்.

அதற்குப் பிறகு தடையே இல்லை. அண்ணே, கிளினிக்ல புது டாக்டர் வந்திருக்காரு. அண்ணே, நம்ம வேம்ப வெட்டிட்டாங்க. அண்ணே, உனக்கு ஞாபகம் இருக்கா. அவர் தலையாட்டினார். கேட்கக் கேட்க அந்த வேம்பு கண்ணுக்குத் தெரிந்தது, கிளை கூட எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அன்றைக்குக் குளிக்கப் போகும்போது கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் சாய்ந்திருந்தது. கையால் தூக்கி நிமிர்த்தினார். கையை எடுத்ததும் சாய்ந்துகொண்டது. அவருக்குப் பயமாக இருந்தது. இதை யாரிடம் சொல்வது என்று பார்த்தால், அவரை ஏகாம்பரமாகப் பார்க்கிற ஆள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் முற்பகல் கூடத்து ஃபோன் அடித்தது. லூர்தம்மாள் எடுத்தார். செண்பகம் ஊருக்குக் கிளம்பப் பையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். ஏகாம்பரம் தட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு? ஏகாம்பரமா?” என்றார் லூர்தம்மாள். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அசையவில்லை. லூர்தம்மாளின் குரல் கொஞ்சம் உடைந்தது. “அப்படி யாரும் இங்க இல்லையேம்மா.”

ஏகாம்பரத்தின் விரல் நின்றது. ராஜக்கனி. காய்ச்சல் என்று படுத்த அன்று சொன்னது, பிறகு அவளோடு பேசவே இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். யாரையோ கேட்டு வந்த ஃபோன் என்பது போலக் கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஃபோனில் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் படபடவென்று பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது. இல்லங்க, அங்கதான் இருக்காவ, தை மாசத்துலேருந்து அங்கதான் இருக்காவ, நல்லாப் பாருங்க.

“இல்லம்மா,” என்றார் லூர்தம்மாள்.

செண்பகத்தின் பை கீழே விழுந்தது. அவள் பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

“அக்கா, வச்சிராதீய. இருக்காவ. இங்கதான் இருக்காவ, நான் கண்ணால பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அழாதீய அக்கா. ஒரே நிமிஷம். கூப்பிடுதேன்.”

ரிசீவரை மேஜையில் வைத்தாள். டீச்சரைப் பார்த்து, “இந்த ஃபோன்லதான் எனக்கும் சொன்னாங்க. நாலு வருஷத்துக்கு முந்தி. இல்லைன்னு,” என்றாள்.

“ஆமாம்மா,” என்றார் டீச்சர். “நான்தான் சொன்னேன்.”

செண்பகம் ஏகாம்பரத்தின் மெஷினுக்கு வந்தாள். அவர் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார். அவள் ஃபைலைத் திறக்கச் சொன்னாள், எண்ணூற்றுப் பதினோராவது வரிக்குப் போகச் சொன்னாள். போனார். பூவண்ணன் என்ற பெயருக்குப் பின்னால் அந்தக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

அவள் அழிக்கும் விசையில் விரலை வைத்தாள். ஒரே அழுத்தாக அழுத்தவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நின்றாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் அழுதாள், சத்தமாக, நாலு வருஷத்துக்குமாகச் சேர்த்து அழுதாள். யாரும் போய்ப் பிடிக்கவில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த எழுத்தையும் அழித்தாள்.

வரி காலியாக இருந்தது.

“உங்க பேரச் சொல்லுங்க,” என்றாள் அவரைப் பார்த்து. “உங்க வாயால சொல்லுங்க. நானே எழுதுதேன்.”

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். ஒரு பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது இப்போதுதான் அழிக்கப்பட்ட பெயர். வாயை மூடிக்கொண்டார். மேஜையில் கிடந்த ரிசீவரிலிருந்து ஒரு பெண் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். யாரும் உதட்டை அசைக்கவில்லை. கடைசியில் சின்னப் பிள்ளை போல டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னைப் பாக்காதீய அண்ணாச்சி. நான் சொல்லி எழுதினா, அதுவும் இரவல் பேருதான்.”